காற்றா, எண்ணெயா?

பிரான்ஸில், ஆல்ப்ஸ் மலைத்தொடரில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி மோர்ஸீன் என்றோர் ஊர் இருக்கிறது. குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களைச் சுமக்கும் ரோப் கார்கள் கோடையில் மலைச் சைக்கிள்களைச் சுமக்கின்றன. ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரோப் கார் கொண்டுபோய் இறக்கிவிடும் பிளெனே உச்சி சுமார் 1500 மீட்டர். பக்கத்து ஊரான லெ ஜெயில் 2004லும் 2022லும் மலைச் சைக்கிள் உலக சாம்பியன் போட்டிகள் நடந்தன. எல்லைக்கு அப்பால் உள்ள ஷாம்பெரியில் 2011இல் நடந்தன. இந்த ஊர்களையெல்லாம் ரோப் கார்களாலும் பாதைகளாலும் இணைக்கும் போர்ட் து சோலெய் என்ற வட்டாரத்துக்கு, ஆண்டு முழுவதும் பணம் சேர்த்துவைத்து, ஜெனீவாவில் விமானம் இறங்கி, ஒரு வார விடுமுறைக்கு வருகிறவர்கள் ஏராளம்.

அந்த ஒரு வாரத்தின் நடுவில்தான் பலருக்கும், பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் பின் ஷாக் படுத்துவிடுகிறது. சொந்த ஊரில் ஆறு மாதம் ஒழுங்காக வேலை செய்த கருவி, விடுமுறையின் மூன்றாம் நாள் காற்றை இழக்கிறது. அல்லது எண்ணெய் கக்குகிறது. அல்லது உட்கார்ந்தால் எழமாட்டேன் என்கிறது. நேரம் சரியில்லை என்று சொல்லி நொந்துகொள்வார்கள். நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விடுமுறையில் அது பழுதாவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் புரிந்தால், மீதி நாட்களைக் காப்பாற்றும் வழியும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சைக்கிளும் ஓட்டுகிறவரும் சேர்ந்து 95 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிளெனே உச்சியிலிருந்து 500 மீட்டர் இறங்கினால் ஈர்ப்பு விசை தரும் ஆற்றல் சுமார் 4,65,000 ஜூல். இது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். கீழே வந்து நிற்கும்போது வேகம் பூஜ்யம். ஆகவே அவ்வளவு ஆற்றலும் வழியிலேயே வெப்பமாகிவிட்டது. பெரும்பங்கு பிரேக்குக்கும் காற்றுத் தடைக்கும் டயருக்கும் போகிறது. ஒரு பங்கு ஷாக்குக்குள் போகிறது. மணிக்கட்டு அளவுகூட இல்லாத ஓர் அலுமினிய உருளைக்கு அந்தச் சிறு பங்கே பெரிய சுமை. நீண்ட இறக்கத்தின் முடிவில் அதைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும்.

அடுத்தது எண்ணிக்கை. இந்தப் பாதைகளில் ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் எல்லோரும் பிரேக் பிடிக்கிறார்கள். பிடித்துப் பிடித்து மண் அலை அலையாக எழும்பிவிடுகிறது. ஆகஸ்ட் மாதத்தில் அந்த அலைமேடுகள் முழங்கையை உலுக்கி எடுக்கும். நொடிக்கு நான்கு முறை ஷாக் அமுங்கி விரிகிறது என்று குறைத்தே கணக்கிட்டாலும், ஐந்து நிமிட இறக்கத்தில் 1200 முறை. நாளுக்குப் பத்து இறக்கம் என்றால் 12,000.

தயாரிப்பாளர்கள் பராமரிப்புக் காலத்தை மணிக்கணக்கில் சொல்கிறார்கள். ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் பல மாடல்களுக்குக் காற்றறையை 50 மணி நேரத்துக்கு ஒரு முறையும் எண்ணெய்ப் பகுதியான டேம்பரை 200 மணி நேரத்துக்கு ஒரு முறையும் பிரித்துச் செப்பனிடச் சொல்கிறது. ஃபாக்ஸ் நிறுவனம் 125 மணி நேரம் அல்லது ஓராண்டு என்கிறது. அந்த மணி நேரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. சொந்த ஊரில் ஒரு மணி நேரம் ஓட்டினால் அதில் பெரும்பகுதி ஏற்றமும் சமதரையும்; ஷாக் சும்மா இருக்கும் நேரமே அதிகம். ரோப் காரில் ஏறி இறக்கம் மட்டுமே ஓட்டும் ஊரில் ஒவ்வொரு நிமிடமும் வேலை நிமிடம். ஊரில் பல மாதம் எடுத்துக்கொள்ளும் தேய்மானத்தை இங்கே ஒரு வாரத்தில் செலவழிக்கிறோம். காற்றையும் எண்ணெயையும் உள்ளே அடைத்துவைக்கும் ரப்பர் சீல் ஏற்கெனவே பாதி தேய்ந்த நிலையில் விமானம் ஏறியவருக்கு வேறு முடிவு கிடைக்க வழியில்லை.

சரி, பழுதாகிவிட்டது. முதலில் தெரியவேண்டியது ஒன்றே: பழுது காற்றிலா, எண்ணெயிலா?

பின் ஷாக் என்ற ஒரே உருளைக்குள் இரண்டு கருவிகள் குடியிருக்கின்றன. ஒன்று ஸ்பிரிங். இன்றைய மலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் அது இரும்புச் சுருள் அல்ல, அடைத்துவைத்த காற்று. சக்கரம் கல்லில் ஏறும்போது காற்று நசுங்கி ஆற்றலைச் சேர்த்துக்கொள்கிறது. பிறகு அதைத் திருப்பித் தருகிறது. இன்னொன்று டேம்பர். எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சிறு துளைகள். துளைகளை மூடியபடி மெல்லிய எஃகு வட்டத் தகடுகள். எண்ணெய் அந்தத் தகடுகளை வளைத்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் போகமுடியும். அந்தச் சிரமத்தில் ஆற்றல் வெப்பமாகித் தொலைகிறது. வாங்கியதை ஸ்பிரிங் திருப்பிக் கொடுக்கும், டேம்பர் கொடுக்காது.

கொடுக்காமல் இருப்பதுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. 150 மில்லிமீட்டர் அசைவுள்ள பின்சக்கரம், ஆள் உட்கார்ந்ததும் 45 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கிறது என்றால், டேம்பர் இல்லாத நிலையில் அது நொடிக்கு இரண்டு முறைக்கும் மேல் துள்ளிக்கொண்டே இருக்கும். சமதரையில் அது வெறும் தொல்லை. தாவுமேட்டின் விளிம்பில் அது ஆபத்து. மேட்டில் ஏறும்போது நசுங்கிய ஸ்பிரிங், விளிம்பைத் தாண்டும் கணத்தில் சேர்த்துவைத்த அத்தனையையும் ஒரே மூச்சில் திருப்பித் தருகிறது. பின்சக்கரம் மேலே உதைபடுகிறது. ஆள் ஹேண்டில்பாருக்கு மேல் முன்னால் கவிழ்கிறார். ஆகவே காற்றுப் பழுதோடு ஓரளவு ஓட்டிச் சமாளிக்கலாம்; டேம்பர் பழுதோடு இறக்கத்தில் வேகம் எடுக்கவே கூடாது. இரண்டையும் பிரித்தறியச் சொல்வது இதனால்தான்.

பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஷாக்கில் ஒரு சிறு திருகு இருக்கும். பெரும்பாலும் சிவப்பு நிறம். அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகத்தில் விரியவேண்டும் என்பதை அது முடிவு செய்கிறது. அதை மெதுவான பக்கம் கடைசிவரை திருகிவிட்டு, சீட்டை உடல் எடையால் அமுக்கி விடுங்கள். பிறகு வேகமான பக்கம் கடைசிவரை திருகி, அதையே செய்யுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தால் டேம்பர் உயிரோடு இருக்கிறது. இரண்டு முறையும் ஒரே மாதிரி படீரென்று எழுந்தால் எண்ணெய்ப் பக்கம் கெட்டுவிட்டது.

காற்றுப் பக்கத்தை முதலில் பார்ப்போம். நிறையப் பேர் பயப்படுவதும், பயப்படத் தேவையில்லாததும் அங்கேதான்.

நேற்று மதியம் வெயிலில், 28 டிகிரி வெப்பத்தில், ஷாக் பம்ப் வைத்து 200 பி.எஸ்.ஐ. காற்று அடித்தீர்கள். இன்று காலை ஓட்டம் தொடங்குமுன் மறுபடி பம்பைப் பொருத்திப் பார்க்கிறீர்கள். முள் 177 காட்டுகிறது. ஓர் இரவில் 23 பி.எஸ்.ஐ. போய்விட்டது, சீல் கிழிந்துவிட்டது என்று மனம் கணக்குப் போடுகிறது. இயற்பியல் போடும் கணக்கு வேறு.

மலை ஊரில் ஆகஸ்ட் மாதக் காலை 8 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். அடைபட்ட காற்றின் அழுத்தம் அதன் தனிவெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் மாறும். 28 டிகிரி என்பது கெல்வின் அளவில் 301. 8 டிகிரி என்பது 281. பம்பு முள் காட்டுவது வெளிக் காற்றைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே. 1000 மீட்டர் உயரத்தில் வெளிக் காற்றழுத்தம் சுமார் 13 பி.எஸ்.ஐ. ஆகவே நேற்றைய உண்மையான அழுத்தம் 213. இன்று காலை அது 199 ஆகிறது, முள்ளுக்கு 186. ஒரு துளிக் காற்றுகூட வெளியேறாமல் 14 பி.எஸ்.ஐ. காணாமல் போய்விட்டது.

மீதி 9 எங்கே போனது? பம்பின் ஹோஸுக்குள். காற்றறையின் கொள்ளளவு 100 மில்லிலிட்டர், ஹோஸும் மானியும் சேர்ந்து 5 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பைத் திருகிப் பொருத்தியதும் ஷாக்கின் காற்று வெறும் ஹோஸையும் நிரப்புகிறது. 100 மில்லிலிட்டரில் இருந்தது 105இல் பரவுகிறது. முள் 186க்குப் பதில் 177இல் நிற்கிறது. கார் டயர் பெரிது என்பதால் அங்கே இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஷாக்கின் அறை சிறிது என்பதால் இங்கே அது பெரிய எண்ணாகத் தெரிகிறது.

பம்பைக் கழற்றும்போது கேட்கும் 'புஸ்' ஒலியும் இப்படியே பலரை ஏமாற்றுகிறது. அடித்த காற்றெல்லாம் கழற்றும்போது போய்விடுகிறது என்று எண்ணி, ஐந்து பத்து கூடுதலாக அடித்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஷாக் பம்பில் வால்வு மூடிய பிறகே ஹோஸ் திறக்கும். அந்த ஒலி ஹோஸில் மிச்சமிருந்த காற்றின் ஒலி. அடித்த 200 உள்ளே 200ஆகவே இருக்கிறது.

ஆகவே காற்று இறங்குகிறதா என்று அறிய முள்ளை நம்புவதைவிட அமுங்கலை அளப்பது மேல். ஷாக்கின் தண்டில் ஒரு சிறிய ரப்பர் வளையம் இருக்கும். அதை மேலே தள்ளி வைத்துவிட்டு, ஓட்டும் உடையோடும் பையோடும் சைக்கிளில் மெல்ல ஏறி நின்று, மெல்ல இறங்கி, வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 60 மில்லிமீட்டர் வீச்சுள்ள ஷாக்கில் அது 18 மில்லிமீட்டர் நகர்ந்தால் 30 சதவீதம்; பெரும்பாலான சைக்கிள்களுக்கு 25 முதல் 30 சதவீதம் சரி. காலையில் 18, ஒரே ஓர் இறக்கத்துக்குப் பிறகு 24 என்றால் அது லீக். வெப்பநிலைமேல் பழி போடமுடியாது. ஓடி வந்த ஷாக் சூடேறி அழுத்தம் கூடித்தான் இருக்கவேண்டும்.

லீக் உறுதியானால் சோப்பு நீர் போதும். பாத்திரம் கழுவும் திரவத்தில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வால்வின் வாயிலும் காற்றறையின் இரு விளிம்பிலும் தண்டு நுழையும் இடத்திலும் தடவுங்கள். வால்வில் குமிழி வந்தால் அதிர்ஷ்டம். இது கார் டயரில் இருக்கும் அதே ஷ்ரேடர் வால்வு. உள்ளே இருக்கும் வால்வு ஊசியைச் சற்று இறுக்கினாலே பல சமயம் நின்றுவிடும். தண்டைச் சுற்றிக் குமிழி வந்தால் சீல் தேய்ந்திருக்கிறது.

இந்த சீல்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஓ-ரிங் என்ற அந்த ரப்பர் வளையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை 1939இல் வழங்கப்பட்டது. பெற்றவர் நீல்ஸ் கிறிஸ்டென்சன். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். அவர் கண்டது இதுதான்: ரப்பர் வளையத்தை அதன் தடிமனைவிடச் சற்று அகலமான பள்ளத்தில் உட்காரவைத்தால், எந்த அழுத்தத்தை அது தடுக்கவேண்டுமோ அதே அழுத்தம் அதைப் பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரோடு தள்ளி நசுக்கி, இடைவெளியை இன்னும் இறுக்கமாக அடைத்துவிடுகிறது. தடுக்கவேண்டிய அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகுகிறது. மிக எளிமையான, மிக அழகான யோசனை. இன்று உலகில் ஓடுகிற பெரும்பாலான எந்திரங்களைப் பிரித்தால் அது எங்கோ ஓரிடத்தில் இருக்கும். அதன் எதிரிகள் மூன்று: மண்துகள், உலர்ந்துபோன மசகு, வயது. மோர்ஸீனின் கோடைப் புழுதியில் முதல் இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்கின்றன. ஓட்டம் முடிந்து உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாயால் ஷாக்கை நேராக அடித்துக் கழுவுகிறவர்கள், வெளியே இருந்த மண்ணைத் தாங்களே சீலுக்குள் தள்ளிவிடுகிறார்கள். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

தேய்ந்த சீலை விடுதி அறையிலேயே மாற்றமுடியும். காற்றறைக்கான சீல் தொகுப்பு சிறிய பொட்டலம். கூடவே ஒரு டப்பி ஷாக் கிரீஸ், ஆலன் கீ, சுத்தமான துணி வேண்டும். காற்றை முழுவதும் இறக்கி, சைக்கிளிலிருந்து ஷாக்கைக் கழற்றி, வெளி உறையைக் கையாலோ ரப்பர் பட்டையாலோ திருகி எடுத்து, பழைய சீல்களை மாற்றித் துடைத்து, கிரீஸ் தடவி மூடவேண்டும். ஸ்கூட்டர் கார்புரேட்டரைப் பிரித்துச் சேர்த்துப் பழகியவருக்கு இது ஒரு மணி நேர வேலை. மூடிய பிறகு ஒரே மூச்சில் 200 அடிக்கக்கூடாது. பாதி அடித்து, பத்துப் பன்னிரண்டு முறை மெல்ல அமுக்கி விட்டு, மறுபடி அடிக்கவேண்டும். ஏனென்றால் உள்ளே இரண்டு காற்றறைகள் இருக்கின்றன. பெரிய அறை ஷாக்கை விரிக்கிறது. சிறிய எதிர் அறை அதை மெல்ல உள்ளே இழுத்து, தொடக்க அசைவை மென்மையாக்குகிறது. ஷாக் ஒரு குறிப்பிட்ட நிலையைக் கடக்கும்போது மட்டும் ஒரு சிறு வழியாக இரண்டும் காற்றைப் பகிர்ந்து சமப்படுகின்றன. வால்வு திறப்பது பெரிய அறைக்கு மட்டுமே.

மிகப் பெரிய ஆபத்தும் அந்த எதிர் அறையில்தான் ஒளிந்திருக்கிறது. இரு அறைகளுக்கும் நடுவில் உள்ள சீல் கெட்டால், ஷாக் அமுங்கும்போது பெரிய அறையின் உயர் அழுத்தக் காற்று எதிர் அறைக்குள் கசிந்து அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஷாக் வழக்கத்தைவிடக் கீழே உட்காரும். எவ்வளவு காற்று அடித்தாலும் முழுதாக விரியாது. காற்றை இறக்கினால் இன்னும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். வால்வைத் திறந்தால் முள் பூஜ்யம் காட்டும். ஆனால் எதிர் அறையில் 200 பி.எஸ்.ஐ. அப்படியே இருக்கும். 10 சதுர சென்டிமீட்டர் பரப்பில் அது சுமார் 140 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை. இந்த நிலையில் உறையைத் திருகினால் கடைசிப் புரியில் அது முகத்தை நோக்கிப் பாயும். காற்றை இறக்கியும் அமுங்கியே கிடக்கிற ஷாக்கை எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள். கடையில் கொடுங்கள், கொடுக்கும்போதே "காற்று இறக்கியும் விரியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாங்குகிறவரின் கையையும் கண்ணையும் காப்பது அந்த ஒரு வாக்கியம்.

எண்ணெய்ப் பக்கம் வேறு கதை. அங்கே நாயகன் ஒரு பிரெஞ்சுப் பொறியாளர்: கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன். அவர் தீர்த்த சிக்கல் இது: பிஸ்டன் வேகமாக நகரும்போது அதன் பின்புறம் அழுத்தம் சரிகிறது. அழுத்தத்தில் கரைந்திருக்கும் வாயு, அழுத்தம் சரிந்தால் வெளியே வந்துவிடும். சோடா பாட்டிலைத் திறந்ததும் நடப்பது இதுவே. எண்ணெய் நுரைத்துவிட்டால் தகடுகளை வளைக்கும் வலு அதற்கு இல்லை. நுரை சும்மா நழுவிப் போய்விடும். இதற்குத் த கார்போன் 1950களில் கொண்டுவந்த தீர்வு, எண்ணெய்க்குப் பின்னால் ஒரு மிதக்கும் பிஸ்டனை வைத்து, அதற்கும் பின்னால் உயர் அழுத்த வாயுவை அடைப்பது. வாயு எப்போதும் எண்ணெயை அமுக்கியபடியே இருக்கும். எவ்வளவு வேகமாக அடித்தாலும் அழுத்தம் நுரை எழும் அளவுக்குச் சரியாது. ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் இந்த முறையில் கார்களுக்கான ஷாக்குகளைத் தயாரித்தது. நம் சாலைகளில் ஓடும் பல்சர் பைக்கின் பின்னால் 'நைட்ராக்ஸ்' என்று எழுதிய சிறு குப்பி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பதும் வாயுதான். மலைச் சைக்கிளின் ஷாக்கில் அந்த வாயு பெரும்பாலும் நைட்ரஜன்.

மிதக்கும் பிஸ்டனின் சீல் தேய்ந்தால் நைட்ரஜன் எண்ணெயில் கலக்கிறது, அல்லது வெளியே கசிகிறது. முதல் அறிகுறி அசைவின் தொடக்கத்தில் தெரியும். அமுங்கும் திசையிலிருந்து விரியும் திசைக்கு மாறும்போது, கொஞ்ச தூரம் எந்தத் தடையும் இல்லாமல் 'லொடக்' என்று ஒரு வெற்றிடம் கைக்குப் புலப்படும். பிறகு சப்புக்கொட்டுவது போன்ற ஒலி. இந்த ஒலி மட்டும் என்றால் கவலை வேண்டாம்; நல்ல ஷாக்கிலும் எண்ணெய் தகடுகளைக் கடக்கும்போது அப்படிக் கேட்கும். ஒலியோடு அந்த வெற்று அசைவும் சேர்ந்தால்தான் சந்தேகம். ஏற்றத்துக்கான பூட்டு நெம்புகோலைப் போட்ட பிறகும் ஷாக் தளதளவென்று அமுங்கினால் சந்தேகம் உறுதியாகிறது. தண்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் வளையமாகத் தெரிவது இயல்பு. துளித்துளியாகத் திரண்டு வழிந்தால் எண்ணெய் சீல் போய்விட்டது.

இங்கே சூட்டையும் கணக்கில் எடுக்கவேண்டும். எண்ணெய் சூடானால் நீர்த்துப்போகும். அதே துளை வழியாக எளிதாக ஓடும். காலையில் சரியாக இருந்த ஷாக் நீண்ட இறக்கத்தின் பாதியில் படபடவென்று துள்ளத் தொடங்கி, ரோப் காரில் ஏறிப் போவதற்குள் மறுபடி சரியாகிவிட்டால் அது பழுது அல்ல, சூடு. விரிவேகத் திருகை ஓரிரு சொடுக்கு மெதுவாக்கினால் போதும். ஆறிய பிறகும் துள்ளினால்தான் பழுது.

டேம்பர் பழுதை விடுதி அறையில் சரிசெய்ய முடியாது. வெற்றிடம் உண்டாக்கி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் எண்ணெய் நிரப்பும் எந்திரமும், நூற்றுக்கணக்கான பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நைட்ரஜன் அடைக்கும் ஏற்பாடும் அதற்கு வேண்டும். நெட்டில் பார்த்துக்கொண்டு சமையல் மேசையில் இதைச் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு பழுது உண்டு. அது உண்மையில் ஷாக்கின் பழுதே அல்ல. சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கும்போது 'டக்' என்று ஒரு தட்டல். ஷாக்கைச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட்டைச் சுற்றியிருக்கும் புஷ் தேய்ந்திருக்கும். இணைப்பில் விரலை வைத்தபடி தூக்கினால் ஆட்டம் விரலுக்குத் தெரியும். விலை குறைவு, அரை மணி நேர வேலை. டேம்பர் போய்விட்டதென்று முடிவுகட்டி புது ஷாக் வாங்கிய சிலருக்கு இந்தப் புஷ்தான் தேவைப்பட்டிருக்கும்.

எண்ணெய்ப் பக்கம்தான் கெட்டிருக்கிறது, இன்னும் நான்கு நாள் மிச்சம் என்றால் என்ன செய்வது? என் கருத்தில், முதலில் வாடகைச் சைக்கிளுக்கு விலை கேளுங்கள். வந்த செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாக இருக்காது. மலையும் நாளும் கைவிட்டுப் போகாது. இரண்டாவது வழி, வாடகைக்கோ பழையதாகவோ வேறொரு ஷாக். இங்கே அளவு துல்லியமாகப் பொருந்தவேண்டும். 2016 முதல் மெட்ரிக் அளவுகள் பரவிவிட்டன: 210×55, 230×60, 230×65 என்ற மாதிரி. முதல் எண் இரு துளைகளுக்கும் இடையிலான நீளம், இரண்டாவது வீச்சு. அதற்கு முந்தைய சைக்கிள்களில் 200×57, 216×63 போன்ற அங்குல வழி அளவுகள் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாறாது.

கிட்டத்தட்டப் பொருந்தினால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. பின்சக்கரம் 150 மில்லிமீட்டர் அசைய ஷாக் 60 மில்லிமீட்டர்தான் அசைகிறது, விகிதம் இரண்டரை. ஷாக்கில் வரும் எந்த வித்தியாசமும் சக்கரத்தில் இரண்டரை மடங்காகும். வீச்சு 5 மில்லிமீட்டர் கூடினால் சக்கரம் 12 மில்லிமீட்டருக்கும் மேல் கூடுதலாக ஏறும். சட்டத்தில் அதற்கு இடமில்லாவிட்டால் முழு அமுக்கத்தில் டயர் சட்டத்தில் உரசும், சில சைக்கிள்களில் சட்டமே விரிசல் விடும். நீளம் 5 மில்லிமீட்டர் குறைந்தால் பின்பக்கம் அதே அளவு தாழ்ந்து பெடல் கல்லில் இடிக்கும். விசை விஷயத்திலும் இதே விகிதம்தான்: பின்சக்கரத்தில் 60 கிலோ இறங்கினால் ஷாக் தாங்குவது 150 கிலோ. பொருத்தியதும் காற்று முழுவதையும் இறக்கிவிட்டு, சைக்கிளைக் கடைசிவரை அமுக்கிப் பார்த்து, டயருக்கும் சட்டத்துக்கும் இடைவெளி இருக்கிறதா என்று கண்ணால் உறுதிசெய்யுங்கள். பிறகு காற்று அடித்து அமுங்கலைச் சரிசெய்தால் போதும். தகடுகளின் அடுக்கு உங்கள் சைக்கிளுக்கென்று அமைத்ததாக இருக்காது. நான்கு நாளுக்கு அது பாதகமில்லை.

காற்றுப் பக்க லீக் மெதுவானது என்றால் வேறொன்றும் தேவையில்லை. ஷாக் பம்பைப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் மேலே ரோப் காரிலிருந்து இறங்கியதும் வளையத்தைப் பார்த்து, குறைந்ததை அடித்துக்கொண்டு ஓட்டலாம். இரண்டு இறக்கத்துக்கு ஒரு முறை அடிக்கும் நிலை வந்தால் அன்று மாலை சீல் மாற்றவேண்டும். காற்று குறைவாக ஓட்டினால் ஷாக் அடிக்கடி கடைசிவரை இடித்து, நல்ல நிலையில் உள்ள டேம்பரையும் சட்டத்தையும் அடிக்கத் தொடங்கும்.

கெட்ட ஷாக்கை ஊருக்கு எடுத்துவரும்போது விமானத்தில் வெடித்துவிடுமோ என்ற பயம் சிலருக்கு உண்டு. விமானத்துக்குள் அழுத்தம் சுமார் 2400 மீட்டர் உயர மலையில் இருப்பதைவிடக் குறையாதபடி வைத்திருப்பார்கள். தரையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 4 பி.எஸ்.ஐ.கூட இல்லை, 200 தாங்கும் அறைக்கு அது பொருட்டே அல்ல. சரிசெய்கிறவருக்குப் பயன்படுவது ஒரு துண்டுத்தாள்: எத்தனை பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டினீர்கள், வளையம் எவ்வளவு நகர்ந்தது, திருகைத் திருப்பினால் விரிவேகம் மாறியதா, துள்ளல் சூட்டில் மட்டுமா ஆறிய பிறகுமா, எண்ணெய் எந்த இடத்தில் திரண்டது. ஷாக்கைப் பொதியும்போதே எழுதி அதனோடு சுற்றிவிடுங்கள். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது பாதி மறந்திருக்கும்.